உறைந்த ஒலியும் அவசரப் பரிகாரமும்

லினக்ஸ் கணினியில் ஆடாசிட்டியைக் கொண்டு ஒலித்தொகுப்பு செய்பவர்களிடையே, ஒலிப்பு நடுவழியில் உறைந்துபோனால் செய்யவேண்டியது இன்னதென்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. ஒலிச் சர்வரைக் கொன்றுவிட வேண்டும், அல்லது ஒதுக்கிவைக்க வேண்டும், அல்லது அதைத் தாண்டிச் சென்று ஒலி அட்டையை நேராகப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்குப் பஃபரின் நீளத்தையும் கூட்டிவைக்க வேண்டும். இவ்வழக்கத்துக்கு ஆதரவாக இப்போது ஒரு புதிய வாதமும் கிளம்பியிருக்கிறது. பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலிச் சர்வரின் காலம் முடிந்து பைப்வயர் என்ற புதிய சர்வரின் காலம் பிறந்துவிட்டது, ஆகவே வியாதியே நீங்கிவிட்டது, இனி உறைவுக்குக் காரணம் தேடுவது வீண் சிரமம், எங்கேனும் மிச்சசொச்சம் தென்பட்டால் சர்வரை ஒருமுறை மறுபடி துவக்கினால் போதும் என்கிறார்கள். இந்த வாதம் பழைய வழக்கத்தின் குற்றத்தைத் திருத்தாமல் அதை நிரந்தரமாக்குகிறது என்பதே என் அபிப்பிராயம்.

வழக்கத்தின் பக்கமுள்ள நியாயங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நாளைக் காலையில் ஒப்படைக்கவேண்டிய பேட்டியைச் சீர்செய்துகொண்டிருப்பவருக்குக் கெர்னலின் உள்விவகாரங்களை ஆராய அவகாசம் ஏது? சர்வரைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ‘பாசஸ்பெண்டர்’ கட்டளை பலருடைய இரவுகளைக் காப்பாற்றியிருக்கிறது. பல்ஸ்ஆடியோவின் தாமதத்தை 30 மில்லிவினாடி என்று ஒரு சூழல் மாறியில் குறித்துவிட்டு ஆடாசிட்டியைத் துவக்கும் உபாயம் அதைவிடவும் நேர்த்தியானது. பைப்வயரோ, 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-இலும் 2022 அக்டோபரில் உபுண்டு 22.10-இலும் பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பெற்று, ஜாக் என்ற தொழில்முறைச் சர்வரின் வேலையையும் தானே ஏற்றுக்கொண்ட உயர்ந்த சிருஷ்டி. அதன் மேன்மையை மறுப்பதற்கில்லை.

இனி என் ஆட்சேபத்துக்கு வருகிறேன். உறைவு என்று ஒரே பெயரால் வழங்கப்படுவது உண்மையில் பல நோய்களின் தொகுதி. ஒலிப்புக் கோடு அசையாமல் நின்று, ஆனால் பட்டிகளும் பொத்தான்களும் கேட்டபடி இயங்கிக்கொண்டிருப்பது ஒரு வகை. கோடு ஓடிக்கொண்டே இருக்க ஒலி மட்டும் மறைந்துபோவது வேறு வகை. சாளரம் முழுவதுமே சொல் கேளாமல் சாம்பல் நிறம் பூண்டு நிற்பது மூன்றாவது வகை. ஒலி விட்டுவிட்டு வரும் திக்கலோ இவற்றோடு சேர்த்தே எண்ணத்தகாதது. பஃபரைக் கூட்டுவது திக்கலுக்குத்தான் மருந்து. ஆடாசிட்டி இயல்பாக வைத்திருக்கும் 100 மில்லிவினாடியை இருநூறாக்கினால், பஃபரில் எழுதுபவர் சிறிது தாமதித்தாலும் அதிலிருந்து வாசிப்பவருக்குப் பட்டினி நேராது. எழுதுபவரே எழுதாமல் நின்றுவிட்ட இடத்தில் பஃபர் எவ்வளவு பெரிதாயிருந்தால்தான் என்ன? இந்த அடிப்படை வேற்றுமையைக்கூடக் கேட்டறியாமல் மருந்து எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை நான் எக்காலத்திலும் ஏற்றதில்லை.

ஆடாசிட்டி ஒலி அட்டையோடு தானே பேசுவதில்லை. ராஸ் பென்சினாவும் ஃபில் பர்க்கும் வடிவமைத்த போர்ட்ஆடியோ என்ற நூலகத்திடம் அது ஒலியை ஒப்படைக்கிறது. போர்ட்ஆடியோ, லினக்ஸின் ஒலி அடுக்கான அல்சாவை அழைக்கிறது. அல்சாவின் ‘டிஃபால்ட்’ சாதனமோ உண்மையான சாதனமாக இராமல், ஒரு செருகுநிரலின் வழியாக ஒலிச் சர்வரை நோக்கித் திருப்பிவிடுகிறது. சர்வர் மறுபடியும் அல்சாவின் வாயிலாகவே டிரைவரைப் பிடித்து, டிரைவர் கடைசியில் சில்லுக்கு ஊட்டுகிறது. இந்தப் பயணத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் ‘இடம் இருக்கிறது, இன்னும் கொடு’ என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்தச் சொல் ஒருவரிடமிருந்து வராமற்போனால் அவருக்கு மேலுள்ளவர்கள் அனைவரும் நின்றுபோகிறார்கள், அதுவே உறைவு. வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், அடைபட்டது மடையா, வாய்க்காலா, மதகா என்று நடந்துபோய்ப் பார்ப்பவன்தான் விவசாயி. பார்க்காமலே கரையை வெட்டிவிடுகிறவனை ஊரார் என்னவென்று சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நடந்துபோய்ப் பார்ப்பது கடினமாயிருந்தால்கூட மன்னிக்கலாம். மிக எளிது என்பதுதான் வருத்தத்தை மிகுவிக்கிறது. ஒவ்வொரு ஒலிப்புச் சாதனத்துக்கும் அல்சா ஒரு நிலைக்கோப்பைக் கெர்னலின் ‘ப்ராக்’ கோப்பகத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஒலி உறைந்துநிற்கும் அத்தருணத்தில், எதையும் தொடாமல், மற்றொரு சாளரத்திலிருந்து அக்கோப்பை இரண்டு மூன்று தரம் வாசித்தால் போதும். ‘மூடப்பட்டது’ என்று அதில் காணப்பட்டால், ஒலி அட்டையை எவருமே திறந்துவைத்திருக்கவில்லை. வேலையற்ற சாதனத்தைப் பல்ஸ்ஆடியோ இயல்பாக ஐந்து வினாடியில் உறங்கவிடும், ஆகவே குற்றம் சர்வருக்கு மேலே, கோரிக்கை வந்துசேராத இடத்தில் இருக்கிறது. ‘ஓடுகிறது’ என்று காணப்பட்டு, வன்பொருள் சுட்டியின் எண்ணும் வாசிப்புக்கு வாசிப்பு ஏறிக்கொண்டிருந்தால், சில்லும் டிரைவரும் நிரபராதிகள். தகராறு ஆடாசிட்டிக்கும் சர்வருக்கும் இடையே நடக்கிறது. ‘ஓடுகிறது’ என்று சொல்லிக்கொண்டே அந்தச் சுட்டி அசையாமல் நின்றால், சந்தேகம் டிரைவரின் மேல் விழுகிறது. சாதனத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கான செயல்முறை எண்ணும் அதே கோப்பில் இருக்கிறது. சாளரமே உறைந்த மூன்றாவது வகைக்கு ஜிடிபி என்ற பிழைகாண் கருவியை இணைத்து எல்லா இழைகளின் அழைப்புத் தடத்தையும் எடுத்தால், பிரதான இழை எந்த அழைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறதென்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

சில சமயம் ஒலிப் பாதையே குற்றமற்றதாக இருக்கக்கூடும். 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆடாசிட்டி தன் திட்டம் முழுவதையும் ஒரே எஸ்க்யூலைட் கோப்பாக வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு வலையமைப்பு வட்டிலோ மேகத்தோடு ஒத்திசையும் கோப்புறையிலோ கிடந்து, வாசிப்பு தாமதமானாலும் ஒலி நிற்கும். அங்கே சர்வரைக் கொல்வதால் விளையும் பலன் என்ன?

இவ்வளவு சாட்சியமும் உறைவு நீடிக்கும் வரையில்தான் உயிரோடிருக்கும். சர்வரைக் கொன்ற மாத்திரத்தில் நிலைக்கோப்பு ‘மூடப்பட்டது’ என்று மாறிவிடுகிறது. காத்திருந்த இழைகள் பிழைச்செய்தியோடு விடுபட்டுவிடுகின்றன. வழக்கமான பரிகாரத்தின் முதல் படியே சாட்சியத்தை அழிப்பதாக அமைந்திருப்பது தற்செயலான சிறு குறையென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முறையின் சாரமே அதுதான். அதன்பின் சர்வர் நீக்கம், பஃபர் மாற்றம், அமைப்புக் கோப்புத் திருத்தம், சூழல் மாறி என்று நான்கு மருந்துகளை ஒரே மூச்சில் கொடுப்பதால், ஒலி மீண்டாலும் மீட்டது எது என்பதை ஒருவராலும் சொல்ல இயலாது. 30 மில்லிவினாடி உபாயத்தை மட்டும் தனியாகச் செய்து பார்த்திருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும்! அந்த மாறி சர்வரை அணுகும் நூலகத்தின் கோரிக்கையை மட்டுமே மாற்றுகிறது. டிரைவரின் அமைப்புகளில் கைவைப்பதில்லை. நூறு மில்லிவினாடிக் கணக்கில் சிந்திக்கும் செயலிக்கும், இரண்டு வினாடி வரையில் முன்கூட்டி எழுதிவைக்கத் துணியும் சர்வருக்கும் இடையே தாளம் ஒவ்வாமற்போயிருக்கிறது என்ற அனுமானத்துக்கு அது நல்ல ஆதாரமாக நின்றிருக்கும். குணம் கண்டவர்கள் அந்த ஆதாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

சாதனத்தை நேராகப் பிடிப்பதன் பின்விளைவுகளும் சாமானியமல்ல. ‘எச்டபிள்யூ’ என்று குறிக்கப்படும் நேரடிச் சாதனம் மாதிரி வீதத்தை மாற்றித் தராது. 48000-ஐ மட்டும் ஏற்கும் அட்டையிடம் 44100-ஐக் கொடுத்தால் திறக்கவே மறுக்கும். புளூடூத் செவிப்பொறி நேரடிச் சாதனங்களின் பட்டியலில் காணப்படவே மாட்டாது. கொல்லப்பட்ட பல்ஸ்ஆடியோ தானே மறுபடி எழுந்துவருவதைக் கண்டவர்கள் தானெழுதலையும் அமைப்புக் கோப்பில் தடைசெய்துவிடுகிறார்கள். பல மாதங்களுக்குப் பின் உலாவியில் ஒலி ஏன் வரவில்லையென்று அதே மனிதர் திகைக்கும்போது, அந்த ஒரு வரி அவர் நினைவில் இருப்பதில்லை. எல்லாவற்றிலும் கொடியது கேடு தெரியாமலே நிகழ்வது. ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குரலைப் பதிவுசெய்பவருக்கு ஆடாசிட்டி −130 மில்லிவினாடி என்ற இயல்பான தாமத ஈடு ஒன்றை வைத்திருக்கிறது. அதைத் தம் கணினிக்கேற்ப அளந்து திருத்தியும் வைத்திருப்பார். பாதை மாறினால் தாமதமும் மாறும், அளந்த ஈடு செல்லாதாகும், இரண்டாம் குரல் முதற்குரலோடு சேராமல் நழுவும். பரிகாரம் சொன்னவர்களில் எத்தனை பேர் ‘ஈட்டை மறுபடி அளந்துகொள்ளுங்கள்’ என்று ஒரு வாக்கியம் கூட்டிச் சொல்கிறார்கள்?

இவையெல்லாம் தனிமனிதர் அனுபவிக்கும் நஷ்டங்கள். பொது நஷ்டம் இவற்றினும் பெரிது. 2008-இல் பல்ஸ்ஆடியோ, ஒலி அட்டையின் குறுக்கீடுகளை நம்பியிராமல், கடிகாரத்தைக் கொண்டு தானே நேரம் கணித்து எழுதும் முறைக்கு மாறிற்று. அக்கணிப்புக்கு, அட்டை இந்நேரம் எவ்விடத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறது என்று டிரைவர் சொல்லும் கணக்கு துல்லியமாக இருக்கவேண்டும். பல டிரைவர்கள் அதுவரையில் அந்தக் கணக்கைச் சரியாகச் சொல்லவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டதே இல்லை. ஆகவே அவற்றின் பிழைகள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. வெளிக்கொணர்ந்தவனையே குற்றவாளியாக்கியது வழக்கம். கடிகார முறையை நிறுத்த ‘டிசெட்’ அமைப்பைப் பூஜ்யமாக்கு என்றார்கள். சர்வரையே அகற்று என்றார்கள். பல்ஸ்ஆடியோவிலும் அக்காலத்தில் குறைகள் இருந்திருக்கலாம். அவற்றுக்காக இவ்வழக்கத்தை நியாயப்படுத்த நான் தயாராயில்லை. ஏனெனில், டிரைவர் நம்பத்தகாத பெரிய எண்ணைத் திருப்பித் தரும்போதெல்லாம், இன்ன டிரைவரில் பிழை இருக்கக்கூடும், அல்சாவை உருவாக்குபவர்களுக்கு இதைத் தெரிவியுங்கள் என்று டிரைவரின் பெயரையும் சுட்டி அந்தச் சர்வர் தன் பதிவேட்டில் எழுதிவைத்தது. இதைவிடத் தெளிவாக ஒரு மென்பொருள் என்னதான் சொல்ல முடியும்? சர்வரை நீக்கியவர்கள் அந்தச் செய்தியையும் சேர்த்து நீக்கினார்கள். திருத்தப்படக்கூடிய டிரைவர் திருத்தப்படாமல், அதே சில்லை வாங்கிய அடுத்தவரின் கணினியிலும் அதே குறையோடு போய்ச் சேர்ந்தது.

பைப்வயர் வந்ததனால் இது தீர்ந்ததென்பவர்கள், அதற்குக் கீழே இருப்பது அதே அல்சா டிரைவர் என்பதையும், அதற்கு மேலே ஆடாசிட்டி அழைப்பது அதே போர்ட்ஆடியோவைத்தான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். இடையிலுள்ள ஒருவர் மாறினார். காத்திருப்பவர்களின் வரிசை மாறவில்லை. இயல்பான அமைப்பில் 48000 வீதத்துக்கு 1024 சட்டகங்கள், அதாவது சுமார் 21 மில்லிவினாடி, என்ற தவணையில் பைப்வயர் வேலை செய்கிறது. தவணை தவறிய ஒவ்வொரு நேரத்தையும் அதன் ‘பிடபிள்யூ-டாப்’ கருவி பிழைப் பத்தியில் எண்ணிக்காட்டுகிறது. உறைந்த வேளையில் அந்த எண் ஏறுகிறதா, எந்தக் கணுவின் எதிரே ஏறுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பல்ஸ்ஆடியோவின் காலத்தில் கிடைத்ததைவிட மேலான இந்த வசதி கையிலிருக்க, முதல் ஆலோசனையாக இன்றும் சொல்லப்படுவது பைப்வயரையும் அதன் அமர்வு மேலாளரான வயர்பிளம்பரையும் மறுபடி துவக்கு என்பதே. துவக்கியதும் அந்தப் பத்தி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. துவக்குவதற்கு முன்னால் அந்தப் பத்தியையும் நிலைக்கோப்பையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும்படி சொல்லாத எதையும் உறைவுக்கான ஆலோசனை என்று நான் ஏற்பதற்கில்லை.