விஸ்காம் கட்டணத்துக்குத் தகுமா?

ஊடகக் கல்வியை மதிப்பிட முனைபவருக்கு முதல் இடர்ப்பாடு, அதற்கெனப் பொது அளவுகோல் எதுவும் இல்லாததுதான். சட்டத்துக்கு பார் கவுன்சில் இருக்கிறது; மருத்துவத்துக்குத் தேசிய ஆணையம் இருக்கிறது. இதழியலுக்கு அப்படி ஓர் ஒழுங்காற்று அமைப்பு கிடையாது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல் மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும்கூடத் தனிப் பிரிவு உண்டு. ஊடகப் படிப்புக்கு இல்லை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் சேர்த்துத் தரப்படுவது. வேதியியல் துறையின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஈட்டிக்கொடுத்த உயர்தரம், அதே வளாகத்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையின் சேர்க்கை விளம்பரத்திலும் பளிச்சிடும். ஆகவே ‘நல்ல கல்லூரி’ என்று இத்துறையில் எதையும் சொல்லலாம். சொல்லியும் வருகிறார்கள்.

அளவுகோலை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு படிப்பு என்ன விலை கேட்கிறது, அந்த விலைக்கு மாணவனிடம் எதை உண்டாக்குகிறது, அதே பயனை வேறு வழியில் குறைந்த செலவில் பெற முடியுமா என்ற மூன்று கேள்விகளைத் தமிழ்நாட்டின் ஊடகப் படிப்புகள்மீது வைத்துப் பார்க்கலாம்.

விலையில் குழப்பம் குறைவு, ஏமாற்றம்தான் அதிகம். ‘அரசு உதவி பெறும் கல்லூரி’ என்ற பெயர்ப்பலகையை நம்பிப் போகிற பெற்றோர் பலருக்குச் சேர்க்கை அலுவலகத்தில்தான் விஷயம் புரிகிறது: அரசின் உதவி அங்கே எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் கிடைப்பதில்லை. வரலாறு, பொருளியல், தமிழ், இயற்பியல் முதலிய பழைய துறைகளுக்கு அரசு ஊதியம் பெறும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிறகு வந்த விஸ்காமும் இதழியலும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடக்கின்றன. வளாகம் ஒன்று, நூலகம் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு. அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆனால் ஊடகப் பிரிவு உள்ள அரசுக் கல்லூரிகள் மிகச் சில. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் துணை. சுயநிதிக் கட்டணத்துக்கு அது போதாது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் உண்மையில் கணக்கை மாற்றக்கூடியது. அதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கட்டணப் பட்டியலில் வராத கேமரா, லென்ஸ், மடிக்கணினி, இறுதியாண்டுக் குறும்படச் செலவு ஆகியவற்றையும் விலையில் சேர்ப்பதே நேர்மையான கணக்கு.

விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் திறனாய்வுக்கு வேலை. 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் கற்பிக்கத் தொடங்கியபோது அதன் குறி தெளிவானது: பத்திரிகைக்குப் பயிற்சி பெற்ற ஆள். 1989-இல் லயோலா கல்லூரியில் தொடங்கிய விஸ்காம் வேறொரு சிந்தனையில் பிறந்தது. படம், ஒலி, வரைவடிவம் மூன்றையும் சேர்த்தே பார்க்கவும் ஆக்கவும் ஒரு மாணவனைப் பழக்க முடியும் என்ற நம்பிக்கை அது. துணிச்சலான சிந்தனை, அதற்கான பலனும் தமிழ்த் திரையிலும் விளம்பரத்திலும் கண்ணுக்குத் தெரிகிறது. குறை அந்தச் சிந்தனையில் இல்லை, அதைப் பெருக்கிய விதத்தில் இருக்கிறது. மூலத்தில் ஓர் ஒருமை இருந்தது. மாநிலமெங்கும் எடுக்கப்பட்ட படிகளில் பாடங்களின் பட்டியல் வந்துசேர்ந்தது, ஒருமை வரவில்லை. ஒரு பருவம் ஓவியம், ஒரு பருவம் புகைப்படம், ஒரு பருவம் விளம்பரம், ஒரு பருவம் அனிமேஷன், நடுவே எங்கோ செய்தி எழுதுதல். எதிலும் இரண்டாவது படிக்கு ஏறுவதற்குள் அடுத்த பாடம் வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். பதினெட்டு வயதில் தான் கேமராவுக்கா எழுத்துக்கா என்று தெரியாத ஒருவன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க இப்படிப்பு இடம் தருகிறது. வீட்டில் யாரும் ஒரு தயாரிப்பு அலுவலகத்தின் படியேறாத குடும்பத்துப் பிள்ளைக்கு, அந்த உலகத்துக்குள் முதல் அறிமுகமும் நான்கு நண்பர்களும் இதன் வழியாகத்தான் அமைகிறார்கள். சினிமாவில் அந்த நால்வரின் மதிப்பு பட்டச் சான்றிதழைவிடக் கூடுதல். ஆனால் இந்த நிறை ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் போகிறவருக்கே பொருந்துகிறது. செய்தியாளராக விரும்புபவர் இதில் ஏறக்குறைய வெறுங்கையோடு வெளியேறுகிறார். லாஸ்வெல்லின் தொடர்பியல் மாதிரியைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதுபவரிடம் ஒரு முதல் தகவல் அறிக்கையைக் கொடுத்து அதில் செய்தி எது என்று கேட்டால் திணறுகிறார். ஊராட்சியின் வரவு செலவை அவர் படித்ததில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாடத்தில் இருக்கிறது. ஒரு மனு எழுதி, 30 நாளில் பதில் வராமல் மேல்முறையீடு வரை போய்ப் பார்க்கும் பயிற்சி பெரும்பாலும் இல்லை.

இதற்கான காரணத்தைப் பாடத்திட்டத்தில் மட்டும் தேடுவது நியாயமல்ல. ஆசிரியர் நியமன முறையில் அது இன்னும் ஆழமாகக் கிடக்கிறது. நெட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ பெற்றவரையே விதி ஆசிரியராக ஏற்கிறது. இருபது ஆண்டு நீதிமன்றச் செய்தி எழுதியவரிடம் அவை இருக்காது. அவை இருப்பவர் ஒரு முறைகூட அச்சுக்கு முன்னான கடைசி மணி நேரத்தைக் கண்டிருக்க மாட்டார். இருவருமே வேண்டியவர்கள். கோட்பாடு தெரியாத செய்தியாளர் தன் அலுவலகத்துப் பழக்கத்தையே இலக்கணம் என்று கற்பித்துவிடுவார். களம் தெரியாத முனைவர் களத்தைப் பற்றிய கட்டுரைகளைக் கற்பிப்பார். அனுபவசாலிகளை நடைமுறைப் பேராசிரியர்களாக நியமிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிவகுத்தது: பதினைந்து ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை, மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை. இந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கும் துறையா என்பது அதன் தீவிரத்தை அறிய நல்ல கேள்வி. ஆண்டுக்கு ஒருநாள் வந்து மேடையில் பேசிவிட்டுப் போகிற பிரபலம் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

கருவிகளைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. சுற்றிக்காட்டும்போது ஸ்டூடியோவைக் காட்டுவார்கள். அதில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதே கேள்வி. கைபேசியே கேமராவாகவும், டாவின்சி ரிசால்வ் போன்ற படத்தொகுப்பு மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிற காலத்தில், கருவியின் பெயரால் கேட்கப்படும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு நியாயம் இழந்துவருகிறது. வளாகத்துக்கு வெளியேயும் போய்ச் சேரும் ஆக்கம்தான் நல்ல அடையாளம். 2004-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய, அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். இன்றும் ஓர் எடுத்துக்காட்டாக நிற்பது அதன் இயந்திரங்களால் அல்ல. அந்த வானொலியைக் கேட்பவர்கள் மாணவர்களின் பேராசிரியர்கள் அல்லர், அக்கம்பக்கத்து மக்கள். மதிப்பெண் போடாத கேட்பாளர் முன்னால் பிழை செய்து திருந்துகிற பயிற்சிக்கு ஈடு இல்லை.

இத்துறையின் பெரிய முரண், மொழி. வேலை தரப்போகும் நிறுவனங்களில் பெரும்பாலானவை தமிழில் இயங்குகின்றன. படிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் முதற்பகுதிப் பாடமாக நான்கு பருவங்களில் முடிந்துபோகிறது. அதிலும் செய்யுளும் இலக்கிய வரலாறும் உண்டு, செய்தித் தமிழ் இல்லை. விளைவாக ஆங்கிலத்தில் கோட்பாடு எழுதத் தெரிந்தும், தமிழில் ஒரு விபத்துச் செய்தியை ஆறு வாக்கியங்களில் பிழையறச் சொல்லத் தெரியாத பட்டதாரி உருவாகிறார். ஆங்கில ஊடகத்துக்கும் அவருடைய ஆங்கிலம் போதுவதில்லை. தில்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் (ஐ.ஐ.எம்.சி.)கூட மலையாளம், மராத்தி, ஒடியா, உருது இதழியலுக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, தமிழுக்கு இல்லை. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்த முன்வந்தது இந்தக் குறையை உணர்ந்த செயல். முறை சரி, சாதனையைப் பற்றிப் பேச இன்னும் சில அணிகள் வெளிவர வேண்டும்.

முதுநிலைக்கு வந்துவிட்டால் காட்சியே மாறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஊடகத் துறைகள் எல்லாம் பொதுப் பணத்தில் நடப்பவை. கட்டணம் சுயநிதி இளங்கலையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் நுழைவுத் தேர்வு வழி. இவற்றுக்கும் குறைகள் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதிநெருக்கடியும் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களும் ஊரறிந்தவை. நெல்லையிலும் திருவாரூரிலும் பெரிய செய்தி நிறுவனங்கள் அருகில் இல்லை. பயிற்சிப் பணிக்குச் சென்னைக்கு வந்து தங்கும் செலவு தனி. இருந்தும் விலையையும் பயனையும் எதிரெதிரே நிறுத்தினால் இவற்றின் பக்கமே கனக்கிறது.

எதிர்முனையில் சென்னையின் ஆசிய இதழியல் கல்லூரி நிற்கிறது. பட்டம் அல்ல, முதுநிலைப் பட்டயம், செலவு லட்சங்களில். பயிற்சியின் கண்டிப்பில் இந்த ஊரில் அதற்கு நிகர் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. அதன் வாசல் ஆங்கில ஊடகத்தை நோக்கித் திறந்திருப்பதையும் மறுப்பதற்கில்லை. தலித், பழங்குடி மாணவர்களுக்கு அது தரும் உதவித்தொகை, கிடைப்பவருக்கு இந்தத் தீர்ப்பையே மாற்றிவிடும். கிடைக்காதவர் கடன் வாங்கித்தான் சேர வேண்டும். 4 லட்சம் கல்விக்கடன், 10 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 8,500 ரூபாய். ஆங்கில ஊடகத்தில் சேர்பவர் இதைத் தாங்கலாம். தமிழ் நாளிதழின் மாவட்டச் செய்தியாளராகத் தொடங்குபவர் தாங்குவது கடினம். ஒரு படிப்பு தகாததாவது தரம் குறைவதால் மட்டும் அல்ல. போகிற இடத்தின் ஊதியம் அதன் விலைக்கு ஈடாகாவிட்டாலும் அது தகாததுதான். கல்லூரிகளைத் தரத்தில் மட்டும் வரிசைப்படுத்தும் பட்டியல்கள் தவறவிடுவது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதுநிலை இதழியலுக்குப் பொதுவாக எந்த இளங்கலைப் பட்டமும் போதும். செய்தி அறையும் அப்படியே. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் வேளாண்மை படிப்பவரையும் பொறியியல் படிப்பவரையும் எடுத்து, எழுதவைத்து, திருத்தி, அச்சிட்டுப் பழக்கியது. தமிழ் இதழியலில் இன்று பெயர் பெற்ற பலர் அந்த வழி வந்தவர்கள். கட்டணம் வாங்கவில்லை, எழுதியதற்குப் பணமும் கொடுத்தது. அதன் வெற்றிக்குக் காரணம் எளியது: மாணவனின் கட்டுரையில் சிவப்பு மை போட ஓர் ஆசிரியர் இருந்தார், அதைப் படிக்க வாசகர் இருந்தார். பெரும்பாலான இளங்கலைத் துறைகள் விலை கூட்டி விற்பது இந்த இரண்டும் இல்லாத ஒன்றை.

ஆகவே என் தீர்ப்பு இது. செய்தியாளராக விரும்பும் நடுத்தர, எளிய குடும்பத்து மாணவர் சுயநிதி விஸ்காமுக்கோ இளங்கலை இதழியலுக்கோ பணம் கட்ட வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ பொருளியல், வரலாறு, அரசியல், தமிழ் இவற்றில் ஒன்றைக் கருத்தூன்றிப் படிக்கட்டும். அந்த மூன்றாண்டில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகட்டும். பிறகு பொதுப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ, ஓராண்டுப் பட்டயமோ படிக்கட்டும். செலவு குறைவு, அதோடு நிதிநிலை அறிக்கையையோ ஒரு பழைய சட்டத்தையோ கண்டு அஞ்சாத செய்தியாளர் கிடைப்பார். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் முதுகலை இதழியல் சிக்கனமானது. பட்டம் கிடைக்கும், பயிற்சியை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று குறி தெளிவாக உள்ளவருக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர் முதலில் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தைப் பார்க்கட்டும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் மூத்த விஸ்காம் துறைகள் சிலவற்றின் கட்டணத்துக்கு நியாயம் உண்டு.

எந்தத் துறைக்கு விண்ணப்பித்தாலும், அதற்கு முன் இரண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் கொண்டுவந்த பயிற்சி இதழ். கடந்த ஆண்டு முடித்த அணி முழுவதும் இன்று எங்கே வேலை செய்கிறது என்ற பட்டியல். புகழ்பெற்ற பழைய மாணவர்களின் படங்கள் வேண்டாம். இந்த இரண்டையும் தர முடியாத துறைக்கு விண்ணப்பிக்காதீர்கள்.