ரத்தக் கண்ணீரும் முதுகுத் தண்டு நீரும்

எம்.ஆர். ராதா நடித்த 'ரத்தக் கண்ணீர்' 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இப்படத்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. சாகும் தறுவாயில் தன் மனைவியை நண்பனுக்கு மணம் செய்துவைக்கும் துணிச்சல் அந்தக் காலத்தில் சாதாரணமானதன்று. ஆனால் அறிவியல் நோக்கில், கதையின் அச்சாணியே பிசகு. தாசி காந்தாவின் வீட்டுக்குப் போன மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வந்துவிடுகிறது!

தொழுநோய் பால்வினை நோயன்று. 1873இல் ஹான்சன் கண்டறிந்த அதன் கிருமி, சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கு, பெரும்பாலும் மூக்கு, வாய்த் திவலைகளால் பரவுகிறது. ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தின் கதைக்குப் பொருந்துவது மேகநோய் எனப்படும் சிபிலிஸ்தான்.

"சினிமாதானே, இதனால் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்கலாம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு மீனவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குப் பாதம் மரத்துவிட்டது. சேற்றில் நடக்கும்போது கிளிஞ்சல் கிழிப்பது தெரியவில்லை, புண் ஆறவில்லை. இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்து வி.டி.ஆர்.எல். சோதனை செய்கிறார்கள். மேகநோய்க்கான அந்தச் சோதனை 'உண்டு' என்கிறது. சினிமாவில் பாடம் கற்ற ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிடும். அவருடைய மகளின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகும்.

ஆனால் அந்தச் சோதனை சொன்னது என்ன? அது கிருமியைப் பார்ப்பதில்லை. மாட்டின் இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளை நோயாளியின் சீரத்துடன் கலக்கிறார்கள். சீரத்தில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள்கள் இருந்தால் துகள்கள் திரளும். மேகநோயில் உண்டாகும் இதே எதிர்ப்பொருள்கள் தொழுநோயிலும் சிலருக்கு உண்டாவது உண்டு! ஆக, சினிமா செய்த குழப்பத்தை ரத்தச் சோதனையும் செய்யக்கூடும். அதனால்தான் மேகநோய்க் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனை தேவைப்படுகிறது.

அதுவும் 'உண்டு' என்றால், மருத்துவர் நரம்பு மண்டலத்தைப் பற்றி யோசிக்கிறார். தொழுநோய் தாக்குவது கைகால்களின் புற நரம்புகளை; மேகநோய் மூளையையும் தண்டுவடத்தையுமே தாக்க வல்லது. 1913இல் நொகுச்சியும் மூரும் மேகநோய்க் கிருமியை மூளையிலேயே கண்டு காட்டினர். தண்டுவடம் பழுதானால் கால் இருக்கும் நிலையே மனத்துக்குத் தெரியாது. கண்ணை மூடினால் உடல் ஆடும். இது இன்று அரிதாகிவிட்டது, ஆயினும் மறைந்துவிடவில்லை.

இதை அறிய முதுகுத் தண்டு நீரை எடுக்கிறார்கள். "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும்" என்ற பயம் பலருக்கு உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, தண்டுவடத்தைத் தொடுவதில்லை. நீரில் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐந்துக்கு மேல் இருக்கின்றனவா, புரதம் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நீரிலேயே வி.டி.ஆர்.எல். செய்கிறார்கள்.

இங்குதான் எச்சரிக்கை வேண்டும். ஏரியில் வலை போடுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் பெரிய வலையில் பட்டது பெரிய மீன்தான். ஆனால் வலை காலியாக வந்தால் ஏரியில் இறாலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தண்டு நீரில் செய்யும் வி.டி.ஆர்.எல். அப்படிப்பட்ட வலை. ரத்தம் கலவாத நீரில் 'உண்டு' என்றால் அநேகமாக நம்பலாம். 'இல்லை' என்றால் நம்ப முடியாது. நரம்பு மேகநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதில் நழுவிவிடுகிறார்கள். எஃப்.டி.ஏ. சோதனையோ கண் சிறிய வலை. வேண்டாததும் படும், ஆனால் காலியாக வந்தால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். இவற்றையெல்லாம் நோயாளியின் உடலோடு சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

ஒற்றைச் சீட்டை வைத்து 'இல்லை' என்று அனுப்பிவிடும் ஆய்வும், ஒற்றைப் புண்ணைப் பார்த்து ஒழுக்கத்தை எடைபோடும் ஊரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன.

நரம்பு மேகநோய்க்குப் பென்சிலினை இரத்தக்குழாய் வழியே 10 முதல் 14 நாள் தருகிறார்கள். இழந்த உணர்ச்சி முழுவதும் திரும்பாமல் போகலாம். நோய் மேலும் பரவுவது நிற்கும். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். படம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1940களில், செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் தொழுநோயாளிகளுக்கு டாப்சோன் தரத் தொடங்கியிருந்தார். அந்தச் செய்தி திரையில் வரவில்லை.

ராதாவின் நடிப்பைக் கைதட்டி ரசிப்போம். மரத்த பாதத்துடன் ஒருவர் வந்தால், அவருடைய கதையை நாம் எழுதாமல், மருத்துவமனைக்கு வழி காட்டுவோம்.