மூன்றாம் வயதில் கிரேக்கம்

ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய தன்வரலாறு, 1873-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்த பின்னர், அவ்வாண்டிலேயே அச்சேறியது. அரசியற் சிந்தனையாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பாக அதனைப் படிப்போர் பலர். நாம் அதனை, அறிவுக் கொடை மிகுந்த ஒரு குழந்தை வளர்க்கப்பட்ட முறைக்குச் சான்றேடாக இங்கு நோக்க விரும்புகிறோம். ஏனெனில் இந்நூலைப் படிக்கும் பெற்றோர் இரு முடிவுகளுள் ஒன்றுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். இளமையிலேயே தொடங்கினால் எக்குழந்தையும் மேதையாகும் என்பது ஒன்று. மிகுதியாகக் கற்பித்தால் குழந்தை சிதைந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே நூலைப் பாதியளவு படித்ததால் வரும் முடிவுகள் என்பது நம் கருத்து.

1806-இல் லண்டனில் பிறந்த மில்லைப் பள்ளிக்கு அனுப்பாமல் தந்தை ஜேம்ஸ் மில் தாமே கற்பித்தார். 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் இலத்தீன், 12 வயதில் தருக்கம், 13 வயதில் பொருளியல் எனப் பாடங்கள் தொடர்ந்தன. தந்தை தம் இந்திய வரலாற்று நூலை எழுதிய அதே மேசையில் அமர்ந்து மகன் கிரேக்கம் படித்தான். அந்நாளைய கிரேக்க அகராதிகள் இலத்தீனில் பொருள் கூறின. சிறுவனுக்கோ இலத்தீன் தெரியாது. எனவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே கேட்டான். இயல்பிலேயே பொறுமையற்றவரான அவர், அவ்விடையூறுகளுக்கு நடுவே தம் நூலின் தொகுதிகளை எழுதிவந்தார். காலை உணவுக்கு முன் இருவரும் உலாவச் செல்வர். முந்திய நாள் படித்ததைச் சிறுவன் வழிநெடுகச் சொல்லிவருவான். அவன் தானே சிந்தித்துக் காணக்கூடிய எதனையும், அவன் முயன்று களைத்த பின்னரே தந்தை விளக்குவார்.

இது நினைவில் திணிக்கும் கல்வியன்று என்பது தெளிவு. தம் வயதினரைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகத் தொடங்கும் வாய்ப்பு இதனால் தமக்குக் கிடைத்ததென மில் நன்றியோடு ஒப்புகிறார். ஆகவே, மிகுதியான கல்வியே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க நூல் இடந்தரவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. உழைக்கும் பழக்கம் குலைந்துவிடுமோ என்று விடுமுறை மறுக்கப்பட்டது. பிற சிறுவரோடு பழகுதல் தடுக்கப்பட்டது. கைத்திறன் வேண்டும் செயல்களில் தாம் நெடுங்காலம் தேர்ச்சியின்றி இருந்ததாக மில் எழுதுகிறார். மகன் செருக்குறக்கூடாதென்று தந்தை புகழ்ச்சியை அவன் செவிக்கு எட்டவிடவில்லை. நல்ல நோக்கமே! 14 வயதில் அவன் நீண்ட காலப் பயணமாக வீட்டைவிட்டுப் புறப்பட இருந்தபோது, அவன் அறிந்தவை அவனது தகுதியால் வந்தவையல்ல, கற்பிக்க இயன்ற தந்தை வாய்த்ததால் வந்தவை என்று அறிவுறுத்தினார். ஆனால் சிறுவன் தன்னை அளந்துகொள்ளத் தந்தையின் எதிர்பார்ப்பு ஒன்றே கோலாயிற்று. அந்தக் கோலால் அளந்ததால், தான் படிப்பில் பின்தங்கியவன் என்றே அவன் எண்ணியிருந்தான்.

1826-இன் இலையுதிர் காலத்தில், 20-ஆம் வயதில், நெருக்கடி வந்தது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினாலும் மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆகாது என்றது உள்ளம். எதையும் பகுத்தாராயும் பழக்கம் உணர்வுகளை அரித்துவிட்டதே காரணம் என்பது அவர் கணிப்பு. சமய நம்பிக்கையின்றி வளர்க்கப்பட்டதே காரணம் என நம்மில் சிலர் விரைந்து கூறலாம். நூல் அவ்வாறு கூறவில்லை. பிறர் துன்பத்தை நம் வாதத்திற்குக் கருவியாக்குதல் முறையன்று.

நூலின் உயிர்நிலையாக நமக்குத் தோன்றுவது இதன்பின் வருகிறது. அத்துயரைத் தந்தையிடம் சொல்ல இயலவில்லை என்கிறார் மில். தம் கல்வி முழுவதும் தந்தையின் கைவேலை; அது இவ்வாறு முடியக்கூடுமென அவர் நினைத்ததேயில்லை; அது தோற்றதெனச் சொல்லி அவரை வருத்துவதால் பயனில்லை என்று கருதினார். ஆயிரமாயிரம் சொற்களுக்குப் பொருள் கேட்ட மகனுக்கு, தன் நெஞ்சின் நிலையைக் கேட்க ஓர் இடமில்லை. பின்னர், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோன்டெல்லின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க உறுதிபூணும் பகுதியைப் படித்தபோது அவர் கண்ணீர் விட்டார். அன்று முதல் சுமை தளர்ந்தது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மருந்தாயின.

நியூயார்க்கில் பணியாற்றிய உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், மிக உயர்ந்த அறிவுத்திறனுடைய குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார். அவர் மறைவுக்குப் பின் 1942-இல் வெளிவந்த அவரது ஆய்வு, முதியோருக்கு நிகரான அறிவும் குழந்தையின் உணர்வும் ஓருடலில் இருப்பதன் இடர்ப்பாட்டை எடுத்துரைக்கிறது. மில்லின் நூல் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

எனினும் நூலில் இரு குறைகள் உண்டு. இயல்பான திறனும் உடல்நலமும் உள்ள எந்தச் சிறுவனோ சிறுமியோ தம்மளவு கற்க முடியும் என்கிறார் மில். 1926-இல் கேத்தரின் காக்ஸ் என்னும் ஆய்வாளர், கிடைத்த ஆவணங்களைக் கொண்டு மில்லின் அறிவுத்திறன் ஈவை 190 என மதிப்பிட்டார். அவ்வெண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் 3 வயதில் கிரேக்கத்தைத் தாங்கிய மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. மில்லின் பணிவை விதியாகக் கொள்ளும் பெற்றோர் தம் பிள்ளைகளை வருத்துவர். இரண்டாவது குறை, தாயைப் பற்றிய மௌனம். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற அன்னைக்கு அச்சேறிய நூலில் இடமில்லை. முந்தைய வரைவில் இருந்த சில வரிகளும் நீக்கப்பட்டன. அன்பு எங்கே தவறிற்று என ஆராயப் புகுந்தவர், வீட்டின் பாதியை இருளிலேயே விட்டுவிட்டார்.

அறிவுக் கொடை மிகுந்த பிள்ளைக்குக் கல்வியைக் குறைக்க வேண்டும் என்று இந்நூல் கற்பிக்கவில்லை. பசித்த அறிவுக்கு உணவு மறுப்பதும் கொடுமையே. ஆனால் கற்பிப்பவரிடமே, ‘எனக்கு மகிழ்ச்சி இல்லை’ என்று அப்பிள்ளையால் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? மில்லின் வீட்டில் எல்லாப் பாடங்களுக்கும் தேர்வு நடந்தது. இவ்வொரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை.