காமாகோர்: கழுத்தில் வைத்துத் தலைவலியை அடக்கும் கருவி

ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கருவியைப் பார்த்தேன். அமெரிக்காவின் எலக்ட்ரோகோர் தயாரிக்கும் காமாகோர் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. முனையில் இரண்டு எஃகுக் குமிழ்கள். அவற்றில் ஜெல் தடவி, கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் அழுத்த வேண்டும். கருவி மின்னோட்டத்தால் தூண்டும் வேகஸ் நரம்பு அங்குள்ள தமனியை ஒட்டித்தான் ஓடுகிறது.

மின்னோட்டத்தின் வலுவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் முதலில் தோலில் குறுகுறுப்பு, பிறகு தசைத் துடிப்பு. கீழுதடு அந்தப் பக்கமாக இழுபட்டால் இடம் சரி என்று அர்த்தம். அந்த இழுப்பு வரும்வரை இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஜெல்லில் சிக்கனம் வேண்டாம், குறைந்தால் சுருக்கென்று குத்தும். 2 நிமிடத்தில் கருவி தானே நின்றுவிடும்.

வேகஸ் நரம்பிழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. அதனால்தான் கழுத்தில் தரும் தூண்டல் மூளைத்தண்டை எட்டுகிறது. அங்கிருந்து நாரட்ரினலின் சுரக்கும் பகுதிக்கும், முகத்தின் வலியைக் கையாளும் நரம்பணுக்களுக்கும் பரவுகிறது. மைக்ரேனோடு தொடர்புடைய, மூளைப் புறணியில் படரும் மின் அலையை இத்தூண்டல் எலிகளில் அடக்கியிருக்கிறது.

வலி கண்ணோரம் எட்டிப் பார்க்கும்போதே வைத்ததில், சில சமயம் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் மைக்ரேன் தானாகவும் தணியக்கூடியது. என் அனுபவத்தைச் சான்றாக எடுக்காதீர்கள். இத்தாலியில் 243 பேரிடம் நடந்த சோதனையைப் பாருங்கள். 2 மணி நேரத்தில் வலி முழுக்க நீங்கியவர்கள் இக்கருவியில் 30.4 சதவீதம், போலிக் கருவியில் 19.7. புள்ளியியல்படி இந்த இடைவெளி உறுதியானதல்ல. 30, 60 நிமிடக் கணக்குகளில் மட்டும் வேறுபாடு தெளிவாக இருந்தது. கொத்துத் தலைவலியிலோ (cluster headache), இடைவெளி விட்டு வரும் வகைக்குப் பலன் தெரிந்தது. ஓயாத நாள்பட்ட வகைக்கு இல்லை.

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் கொத்துத் தலைவலிக்கும் 2018இல் மைக்ரேனுக்கும் அனுமதித்தது. அங்கே மருத்துவர் சீட்டு வேண்டும். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் மறுபடி பணம் கட்டினால்தான் கருவி இயங்கும். நீண்ட நாள் நோயாளிக்கு இந்த ஏற்பாடு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் 'வேகஸ்' என்ற பெயரில் மனஅமைதிக்கும் நினைவாற்றலுக்கும் விற்கப்படும் காது கிளிப்புகளுக்கு இந்தச் சோதனை முடிவுகள் பொருந்தா. அவற்றை மாட்டியதும் குறுகுறுத்தால் நரம்பு தூண்டப்படுகிறது என்று ஆகாது. குறுகுறுப்பு தோலின் உணர்வு. போலிக் கருவியும் அதைத் தரும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கழுத்தருகே உலோகம் பொருத்தப்பட்டவர்களும் காமாகோரையும் தவிர்க்க வேண்டும்.