நீலப் பெட்டியும் ஃபேன் ரெகுலேட்டரும்

காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டு மாடி அறை. பகலெல்லாம் தேங்காய் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிற இளைஞர், ராத்திரி 8 மணிக்கு மேல் அங்கே கிட்டாரோடு உட்காருவார். கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசிக்கிறவர். ஆறு வாரமாக அவர் காலடியில் கிடக்கிறது ஒரு நீலப் பெட்டி: பாஸ் சி.எஸ்-3 கம்ப்ரசர். 1986-இல் வந்த பெடல். இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன் என்று நான்கு நாப், 9 வோல்ட் மின்சாரம். பெடல் வாங்கிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி.

முதல் ராத்திரி கூட இருந்த கீபோர்டு தம்பிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஏனுங்ணா, ஆன் பண்ணிட்டீங்ளா?”

“ஆன்லதான் கண்ணு இருக்குது. ஆஃப் பண்ணுனாத்தான் தெரியும்.”

கம்ப்ரசரைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்வது கடினம். டிஸ்டார்ஷன் போல இது உறுமாது, டிலே போல எதிரொலிக்காது. ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால் அமுக்கும், தேய்ந்துபோகும்போது தூக்கிவிடும். 4:1 என்ற விகிதத்தில் வைத்தால், வரம்புக்கு மேல் 4 டெசிபல் உள்ளே வந்தாலும் 1 டெசிபல்தான் வெளியே போகும். பாரவண்டி ஓட்டுகிறவர் இறக்கத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்து மேட்டில் தளர்த்திவிடுகிற மாதிரிதான். மாட்டுக்குப் பேர்போன ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆர்கெஸ்ட்ரா கிட்டார்க்காரர்களுக்கு ‘இளைய நிலா’ ஒரு பரீட்சை. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டு. அதன் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரே அளவில் பேச வேண்டும். ஒன்று தூக்கலாகவும் ஒன்று மங்கலாகவும் விழுந்தால் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். கம்ப்ரசர் அந்த மேடு பள்ளத்தை நிரவிக் கொடுக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். விரல் பழகினாலே அது வந்துவிடும்.

வாங்க வேண்டிய காரணம், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். கிட்டாரில் கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டு, இடது விரலால் இழுத்து இழுத்து அதை வரவழைக்க வேண்டும். மீட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. மூன்றாவது அசைவுக்குள் பாதி உயிர் போய்விடும். யு.ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்கு மின் மாண்டலினைக் கையிலெடுத்து, ஜோடி ஜோடியாக இருந்த 8 கம்பிகளை விட்டு 5 ஒற்றைக் கம்பிகளுக்கு வந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கம்பி விரலுக்கு வளைந்து கொடுக்கும். மின்சாரம் நுண்ணிய அசைவையும் கடைசி வரிசை வரை கொண்டுபோகும். மின் கிட்டாரில் சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும்.

சஸ்டெய்ன் நாபைக் கடிகார முள் 10 மணி காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் காந்தாரத்தை நம் இளைஞர் வாசித்தார். நான்காவது அசைவும் ஐந்தாவது அசைவும் தெளிவாக, தேயாமல் வந்தன. கையை எடுக்க மனசில்லாமல் அவர் அதையே கால் மணி நேரம் வாசித்தார். இத்தனைக்கும் இந்தப் பெட்டி தோடியை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

இனி தொல்லை. ஸ்வரத்தின் வாலைத் தூக்குகிற பெடலுக்கு எது ஸ்வரம், எது இரைச்சல் என்று தெரியாது. வாசிப்பு நின்றதும் அது அமைதியையும் தூக்கும். 30 டெசிபல் தூக்கினால், இருக்கிற இரைச்சல் ஏறக்குறைய 32 மடங்கு ஆகிறது. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் கம்ப்ரசரின் இயல்பு இதுதான். இளைஞரின் கிட்டாரில் இருப்பதோ ஹம் இரைச்சலை எளிதில் பிடிக்கும் ஒற்றைக் காயில் பிக்கப். எதிரெதிர்க் காயில் இரண்டை வைத்து ஹம் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கரை 1955-இலேயே கிப்சனில் சேத் லவர் வடிவமைத்துவிட்டார். ஆனாலும் ஒற்றைக் காயிலின் கணீர் ஒலியை விட இவருக்கு மனசு வரவில்லை.

ஆம்பில் எழுந்த ரீங்காரத்துக்கு இரண்டு வாரம் பக்கத்து அரிசி ஆலை மோட்டார்மேல்தான் பழி. ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அதே ரீங்காரம். அப்போது மாடிக்கு வந்த அம்மா, “குளுருமப்பா” என்று ஃபேனை 5-இலிருந்து 2-க்குக் குறைத்தார். ரீங்காரம் வண்டுக்கூட்டமாகப் பெருகியது. மறுபடி 5-இல் வைத்தார்கள், வண்டு அடங்கியது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்க மின் அலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. அந்த வெட்டை வயர் வழியாக அறையெல்லாம் பரப்ப, பிக்கப் அதை அப்படியே பிடித்துக் கொடுக்கிறது. கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் அலையை வெட்டாது. அதை மாட்டியதும் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. மீதிக்கு, உட்காரும் திசையைக் கொஞ்சம் திருப்பினாலே போதும்.

சஸ்டெய்னை 2 மணி நிலைக்கு ஏற்றி வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. மென்மையாகத் தொட்டதும் ஓங்கி மீட்டியதும் ஒரே அளவில் வந்தால், பாடகர் குரலைத் தாழ்த்தும் இடத்தில் கிட்டாருக்குத் தாழத் தெரியாது. அட்டாக் நாபை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, மீட்டலின் முதல் ‘டக்’கை வெளியே விட வேண்டும். வரிசையில் கம்ப்ரசர் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷனின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ராக் மட்டும், அதுவும் முழு டிஸ்டார்ஷனில் வாசிக்கிறவர்களுக்கு இது தேவையில்லை. டிஸ்டார்ஷனே ஒலியை அமுக்கிவிடும். கமகம் வாசிக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். கடையில் கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி, உங்கள் கிட்டாரோடு, உங்கள் அறையில், ஃபேனை 2-இல் ஓடவிட்டு ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள்.