தங்கால் முடக்கொல்லனாரும் ‘முடம்’ என்னும் சொல்லும்

எட்டுத்தொகை பாடிய சான்றோருள் தங்கால் என்னும் ஊர்ப்பெயரை முன்னிட்டு வழங்கப்பெறுவோர் சிலர் உளர். பொற்கொல்லன் வெண்ணாகனார் ஒருவர். ஆத்திரேயன் செங்கண்ணனார் ஒருவர். முடக்கொல்லனார் எனவும் முடக்கொற்றனார் எனவும் இருவேறு வடிவிற் குறிக்கப்பெறுபவர் மற்றொருவர். தங்கால் என்பது விருதுநகர் மாவட்டத்தில், 2021 ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற திருத்தங்கலே. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வார்த்திகன் வரலாறு நிகழ்ந்த ஊரும் இதுவே.

இப்புலவர் பெயரின் முதலில் நிற்கும் ‘முட’ என்னும் அடையை நோக்கி, இவர் நடக்கவியலாதவர் எனக் கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறுவோர் இற்றை வழக்கிலுள்ள பொருளைப் பண்டைச் சொல்லின்மேல் ஏற்றுகின்றனரா, அன்றி அச்சொல்லே அப்பொருளைத் தருகின்றதா என்பது ஆராய்தற்குரியது. வேறு வரலாறு கிடைக்காத புலவர்க்கு அவர் பெயரே வரலாறாகிவிடுதலின், ஓர் அடைமொழியின் பொருளைப் பிழைபடக் கொள்ளின் ஒருவர் வாழ்வையே பிழைபட எழுதியவராவோம்.

முதற்கண் பாடவேறுபாட்டை நோக்குவோம். கொல்லன், கொற்றன் என்னும் இரண்டனுள் எதனைக் கொள்ளினும் ‘முட’ என்பது மாறாது நிற்கின்றது. அதே ஊரிற் பொற்கொல்லர் ஒருவரும் புலவராய் விளங்கினமையின் கொல்லன் என்னும் பாடம் பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. ஆயினும் அது துணிபன்று. கொற்றன் என்பதும் சங்க காலத்துப் பெருவழக்காய இயற்பெயரே. முடக்கத்தான் என மக்கள் வழங்கும் மூலிகையை முடக்கறுத்தான் என்றும் முடக்கொற்றான் என்றும் கூறுவர். ஓசையளவில் அப்பெயர் புலவர் பெயரை ஒப்பினும் இரண்டும் வேறு. மூலிகைப் பெயரில் நிற்பது ‘முடக்கு’ என்னும் நோய்ப்பெயர். புலவர் பெயரில் நிற்பது ‘முட’ என்னும் பெயரடை. ககரம் இடையே மிக்கது.

இனிச் சொல்லின் பொருளுக்கு வருவோம். குறுந்தொகையில் இறாமீனின் காலுக்கு ‘முட’ அடையாகின்றது. அம்மீனின் புறத்துக்கு முடங்குதல் அடையாகின்றது. இறாமீன் இயங்கமாட்டாததன்று, நீரில் விரைந்து துள்ளுவது. அதன் காலும் புறமும் வளைந்திருத்தலே ஆண்டுக் கருதப்பட்டது. நன்னூலார் ஆசிரியராகாதார்க்குக் கூறிய நான்கு உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. ஒருவர் நீர்வார்த்து வளர்ப்ப, வளைந்து அயலார்க்குக் காய் உதவும் தெங்கு அது. எல்லாத் தெங்கும் நின்ற இடத்தே நிற்பனவாகலின், இயங்காமை ஒரு தெங்கைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் அடையாதல் இயலாது. ஆண்டும் வளைவே பொருள்.

இதனினும் வலிய சான்று முடங்கல் என்னும் சொல். சுருட்டப்பெற்ற ஓலை முடங்கல் எனப்பட்டது. மாதவி கோவலற்கு எழுதிய ஓலையைச் சிலப்பதிகாரம் இப்பெயராற் குறிக்கின்றது. புகாரினின்று புறப்பட்டுக் கோசிகன் கைவழியே நெடுந்தொலைவு சென்ற பொருள் அது. ஊர்விட்டு ஊர் செல்லுதற்கென்றே அமைந்த ஒன்று முடங்கல் எனப் பெயர் பெறுமாயின், இயங்காமையை இவ்வடிக்கு முதற்பொருளாகக் கொள்ளுதல் யாங்ஙனம் பொருந்தும்? திருத்தங்கலுக்கு மேற்கே இராசபாளையத்தை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இழியும் ஆறு முடங்கியாறு என வழங்கும். வளைந்தோடும் ஆறு எனக் கொள்ளின் அப்பெயர் இனிது விளங்கும். ஓடாத ஆறு எனக் கொள்ளின் ஆறு என்னும் பெயரே பொருளிழக்கும்.

எனவே வளைவே முதற்பொருள் என்பது பெறப்படும். உறுப்பு வளைந்தமையின் நிமிராமை, நிமிராமையின் நடவாமை, நடவாமையின் செயலறுதல் எனப் பொருள் படிப்படியே விரிந்தது. இவ்விரிவு பிற்காலத்ததே என்றலும் ஆகாது. ஐயூர் முடவனார் தாமான் தோன்றிக்கோனிடம் பகடு வேண்டிப் பாடிய புறப்பாட்டைக் கொண்டு, ஊர்தியின்றி வழிச்செல்ல இயலாதவர் அவர் எனக் கொள்வர், அது தகும். மயிலாடுதுறையில் ஐப்பசி இறுதி நாட் கடைமுழுக்கிற்கு வந்துசேர இயலாதவன் பொருட்டுக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு ஆயிற்று. கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட முடவன் பழமொழியில் உளன். மலையாளத்து ‘முடந்து’ என்பதும் கால்நொண்டுதலையே குறிக்கும்.

ஈண்டு ஓர் இலக்கண வேறுபாடு நோக்கத்தக்கது. முடவன் என ஆண்பால் ஈறு பெற்று நிற்குமிடத்து அச்சொல் ஆளையே சுட்டி நடக்கவியலாமையைத் தெளிவாக உணர்த்துகின்றது. ‘முட’ எனப் பெயரடையாய் நிற்குமிடத்து அத்தெளிவு இல்லை. முடத்தாமக்கண்ணியார் என்பதில் அடையை அடுத்து நிற்பது தாமம். வளைந்த மாலை எனக் கொள்ளுதற்குத் தடையில்லை. முடத்திருமாறனோ, இறையனார் களவியலுரை கூறுமாறு, கடல்கொள்ளப்பட்டுப் போந்து கடைச்சங்கத்துக்கு முதல்வனாய் இருந்த பாண்டியன். பெயரில் ‘முட’ உடையவன் ஒரு தலைநகரினின்று மற்றொன்றிற்குத் தமிழைக் கொண்டுவந்தவனாகப் போற்றப்படுகின்றான்.

தங்காற் புலவர் பெயரில் அடையை அடுத்து நிற்பது கொல்லன் அல்லது கொற்றன் என்னும் ஆட்பெயராகலின், உடல்வளைவு குறிக்கப்பட்டது எனக் கொள்ளலாம். அதற்கு மேற் செல்லுதற்குச் சான்றில்லை. வளைந்தது காலா, கையா, முதுகா என்று பெயர் கூறவில்லை. கிரேக்கப் புராணத்துக் கொல்லர் தெய்வமாகிய எபைசுட்டோசு கால் ஊனமுற்றவன் என்பதை ஒப்பிட்டு மகிழலாம். அதனைச் சான்றாக்குதல் கூடாது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் எண்ணிய எண்பேரெச்சத்துள் கூனும் குறளும் உள; முடம் என்னும் பெயர் இல்லை. ‘முட’ என்னும் அடைக்குப் பின்னர் ‘ஆர்’ என்னும் சிறப்பு விகுதியும் தயங்காது வருகின்றது. அவ்வடை அக்காலத்து இகழ்ச்சிக் குறியாயின் தொகுத்தோர் அதனை இவ்வாறு போற்றி வைத்திரார்.

இற்றை வழக்கில் வளைவுப் பொருள் பெரும்பாலும் மறைந்தது. பணம் முடங்கும்; வழக்கு முடங்கும்; 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்துத் தீர்ப்பளித்த பின்னர்ச் சிவகாசி வட்டாரத்தில் தொழில் முடங்கிற்று என்றனர்; 2020 இல் பொதுமுடக்கம் என்னும் தொடர் வீடுதோறும் புகுந்தது. இவற்றில் வளைந்தது ஒன்றுமில்லை. நின்றது மட்டுமே உண்டு. இப்பொருளையே நாடோறும் கேட்கும் செவியோடு பழம்பெயரை அணுகுவதாலேயே பிழை நேர்கின்றது.

திருத்தங்கலில் நாராயணன் நின்ற கோலத்தன். ஊர்ப்பெயரையே திருமகள் தங்கியமையால் வந்ததென்பர். நிற்றலும் தங்கலும் இயலாமை ஆகா. ‘முட’ என்பதும் தானே இயலாமை ஆகாது. அவ்வூர்ப் புலவரை உடல் வளைந்தவர் என்று கூறுவதோடு அமைதலே முறை. செயலற்றவர் என்று எழுதுதற்கு அவர் பெயர் இடந்தரவில்லை.