போலிக்கு ஒரு நகல்

ஜான் ஹஸ்டனின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தில் எல்லோரும் துரத்துகிற கறுப்புப் பறவை கடைசியில் போலி என்று தெரிகிறது. குட்மன் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்க்கிறான். உள்ளே பொன்னும் மணியும் இல்லை, ஈயம். கதைக்குள் போலியான இந்தப் பொம்மை வெளியே அசலாகிவிட்டது. படத்தில் வந்த ஈயப் பறவையொன்று 2013-ல் நியூயார்க் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வாங்க முடியாதவர்கள் புகைப்படங்களைப் பார்த்துத் தாமே செய்துகொள்கிறார்கள். ஆடம் ஸாவேஜ் என்ற அமெரிக்கர், தாம் அப்படிச் செய்ததை 2008-ல் ஒரு மேடையில் விவரித்திருக்கிறார்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். நான் தயாராயில்லை. ‘உள்ளதை உள்ளபடி’ என்று நம் விமரிசனத்தில் சுலபமாகப் புழங்குகிற வார்த்தையை இவர்களைப்போல் யாரும் கையால் செய்து பார்த்ததில்லை.

புகைப்படம் சாட்சிதான், ஆனால் நம்ப முடியாத சாட்சி. மிக அருகிலிருந்து எடுத்தால் அலகு பெருத்து வால் சிறுக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தால் மார்பும் முதுகும் ஒட்டிக்கொள்கின்றன. அளவு தெரிந்த ஏதாவதொரு பொருள் பக்கத்தில் இருந்தால்தான் உயரத்தைக் கணக்கிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் பளபளப்பு மெருகா, விளக்கா என்று சொல்ல முடியாது. முதுகுப்பக்கத்துக்குப் படமே இராது. அங்கே செய்பவன் ஊகிக்கத்தான் வேண்டும்; அவன் முன்பக்கத்தை எப்படி வாசித்தான் என்பது முதுகில் தெரிந்துவிடும். இன்னொன்று, வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. சரியான அளவு வர வேண்டுமானால் மூல மாதிரியைச் சற்றுப் பெரிதாக, அதாவது தப்பாக, செய்ய வேண்டும். (இந்த ஒரு தகவலுக்காகவே நம் யதார்த்தவாதிகளை ஒருநாள் வார்ப்படப் பட்டறைக்கு அனுப்பலாம்.)

ஏலம் போன பறவையின் வலது வால் இறகு வளைந்திருக்கிறது. நகல் செய்பவன் அந்த வளைவையும் செய்ய வேண்டுமா? அது சிற்பியின் எண்ணத்தில் இருந்ததல்ல. நேராக்கினால் சிற்பிக்கு விசுவாசமாக இருக்கலாம், பறவைக்கு அல்ல. வளைக்கிறவனோ தற்செயலாக நேர்ந்த ஒன்றை அளந்து, திட்டமிட்டுச் செய்கிறான். இரண்டிலும் எனக்குச் சங்கடம் இருக்கிறது.

என் பிழைப்பு வங்கியில், காசோலைக் கையெழுத்தை மாதிரி அட்டையோடு ஒப்பிடுவது. ஒரே ஆள் இரண்டு தடவை ஒரேமாதிரி கையெழுத்துப் போடுவதில்லை; கோட்டுக்குக் கோடு பொருந்தி வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். இது தெரிந்திருந்தும், ஒரு பென்ஷன்காரருடைய நடுங்கிய கையெழுத்தை ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டேன். நேரில் வந்தார். என் முன்னால் அவர் போட்டுக் காட்டியது அட்டையிலிருந்து இன்னும் விலகியிருந்தது. ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன்.

‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தின் கைத்துப்பாக்கி, ஸ்டெயர் மன்லிக்கர் துப்பாக்கியின் பாகத்தைச் சார்ட்டர் ஆர்ம்ஸ் ரிவால்வரோடு இணைத்துச் செய்தது. இருபது வருஷங்களுக்கு மேல் ரசிகர்கள் படச்சட்டங்களை உற்றுப் பார்த்தே அதற்கு நகல்கள் செய்துவந்தார்கள். 2006-ல் கலிஃபோர்னியாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் காட்சிக்கு வந்தது. கிட்டத்தில் எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன, நகல்கள் திருத்தப்பட்டன. பிந்தியவை துல்லியமானவை, சந்தேகமில்லை. கொடுத்தால் நான் முந்தியவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன். படத்தில் எங்கும் தெரியாத ஒரு திருகாணி எங்கே இருந்திருக்கும் என்று ஒருவன் ராத்திரியெல்லாம் யோசித்து, தப்பான இடத்தில் முடுக்கியிருப்பான்.